சானமாவு ரோட்டில் ஒரு லிட்டர் தண்ணீர்

குழந்தைக்கு வயிற்றால் தண்ணீராய்ப் போனால், குடிக்கத் தண்ணீர் கொடுப்பதை உடனே நிறுத்திவிட வேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஏதோ குருட்டாம்போக்கில் நம்பவில்லை. தொழில்நுட்ப ரீதியாக நம்பினேன். ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை எனக்கு. மெஷினில் எங்கே கசிந்தாலும் முதல் காரியம் இன்லெட் வால்வை மூடுவது. உள்ளே வருவது நின்றால் வெளியே போவது தானாக நிற்கும். என் சர்வீஸ் முழுக்க இந்த விதி என்னைக் கைவிட்டதில்லை. அதனால் அதைக் கொண்டுபோய் ஒன்றரை வயது மகளிடம் பொருத்தினேன்.

மகளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணமே தாமதம், குழந்தை அதைவிடத் தாமதம். பார்க்கில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் "பேத்திங்களா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். இல்லை என்று சொல்லி விளக்கப் போனால் இன்னும் வயதானவனாகத் தெரிகிறேன். கம்பெனி பஸ்ஸுக்கு நின்று நின்று, இனி வராது என்று நடக்க ஆரம்பித்தபின் வந்த கடைசி பஸ் அவள். எனக்கும் என் மனைவிக்கும் அடுத்த பஸ் கிடையாது. அது இரண்டு பேருக்குமே தெரியும், பேசிக்கொள்ள மாட்டோம்.

அப்போது கேழ்வரகு அறுப்பு. ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் மாமனாருக்கு நிலம் இருக்கிறது. முன்பக்கம் தக்காளி, பின்பக்கம் கேழ்வரகு. அறுப்புக்கு ஆள் கிடைக்கவில்லை என்று போன் வந்ததும் என் மனைவி லீவு போட்டாள். அவளும் சிப்காட்டில்தான் வேலை, வேறு கம்பெனி. நானும் வீரமாக லீவு போட்டுக்கொண்டு மகளோடு அங்கே போனேன். போன வருஷம் நான் அறுக்கப் போய் என் விரலை அறுத்துக்கொண்டதை மாமனார் மறக்கவில்லை. "மாப்ள, நீங்க புள்ளயப் பாத்துக்குங்க. அதான் பெரிய ஒத்தாச," என்றார். கதிர் அரிவாளை என் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மனைவி கிளம்பும்போது குழந்தை ஒரு தடவைதான் இளகலாகப் போயிருந்தாள். "கஞ்சித் தண்ணி மூடி வெச்சிருக்கன். அப்பப்போ குடுங்க. சரியில்லன்னா போன் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை தாண்டியிருக்க மாட்டாள், இரண்டாவது தடவை. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். பச்சைத் தண்ணீராகப் போயிற்று. நான் போன் போடவில்லை. ஒன்றரை வயதுக் குழந்தையை ஒரு முற்பகல் சமாளிக்க முடியாதவன் என்று மாமனார் ஊரில் பெயர் வாங்க வேண்டுமா? வால்வை மூடினேன்.

"ண்ணி," என்றாள் மகள். அப்போது அவளுக்குத் தெரிந்த நாலைந்து வார்த்தைகளில் அது ஒன்று.

"வேணாம்டா கண்ணு. அப்பா ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன்ல."

"ண்ணி."

கஞ்சித் தண்ணீரை எடுத்து உயரத்தில் வைத்தேன். அவள் வாசல் தொட்டியைக் காட்டினாள். தூக்கி வந்து உள்ளே உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டாள். பாருங்கள், அடங்கிவிட்டாள், விதி வேலை செய்கிறது என்று நினைத்தேன். சிரிப்பு மூட்டுவதற்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். இந்த இடத்தில் மட்டும் எனக்கே சிரிப்பு வருவதில்லை.

வயலுக்குச் சாப்பாடு எடுத்துப் போக மனைவி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் குழந்தை அழுதது. சத்தம் வந்தது, கண்ணீர் வரவில்லை. உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தெரியவில்லை. வாசற்படியில் நின்றவளுக்குத் தெரிந்தது.

"எப்பலேர்ந்து இப்டி?"

"நீ போனதுலேர்ந்து."

"தண்ணி குடுத்தீங்களா?"

"நிறுத்திட்டேன்," என்றேன், ஏதோ பாராட்டை எதிர்பார்ப்பவன் போல.

அவள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவாள். ரொம்பக் கோபம் வந்தால் திரும்பத் தமிழுக்கே வந்துவிடுவாள், ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று. அன்றைக்கு நேராகத் தமிழ்.

"யோவ், அது என்னா பைப்பா? புள்ளயா பைப்பா அது?"

கஞ்சித் தண்ணீரை எடுத்து மனைவி வாயில் வைத்ததும் குழந்தை டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தபின்தான் எனக்குப் பயம் வந்தது. வந்தது என்றால், மெதுவாக வரவில்லை. மொத்தமாக வந்தது. ஒரு காலில் என் செருப்பும் இன்னொரு காலில் மாமனாரின் செருப்புமாகக் கார் ஓட்டிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஒரு டாக்டர். சின்ன வயசுப் பெண். பதற்றமே இல்லை, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார். மடிப்பு உடனே மறையாமல் மெதுவாகத்தான் இறங்கியது. ஒரு ஸ்பூன் தண்ணீரை நீட்டினார். குழந்தை ஸ்பூனைக் கடிக்காத குறை.

"உடம்புல தண்ணி கொறஞ்சிருக்கு. ஆனா நல்லாக் குடிக்கறா, பயப்படாதீங்க," என்று ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றையும் ஸ்பூனையும் என் மனைவி கையில் கொடுத்தார். "ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணில. இந்த பெஞ்சுலயே உக்காந்து ஸ்பூன் ஸ்பூனா குடுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு, இன்னும் மெதுவா குடுங்க. நான் வந்து வந்து பாக்கறேன். சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடுவா."

பாக்கெட்டைப் பார்த்தேன். உப்பு, சர்க்கரை. என் குலக்கொழுந்துக்கு உப்பும் சர்க்கரையுமா?

"மேடம், டிரிப் போட்டுடுங்க."

"வாயில குடிக்கற புள்ளைக்கு நரம்புல எதுக்குங்க?"

"இல்ல மேடம், எதுக்கும் ஒரு பாட்டில்..."

"தேவப்பட்டா நானே போடுவேங்க. இப்ப தேவையில்ல."

அறை மூலையில் டிரிப் ஸ்டாண்ட் நின்றது. அதில் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள். நான் மனைவியின் காதில் சொன்னேன், "பாத்தியா? குடை காயுது அதுல. இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா? ஓசூர் போலாம், வா."

"டாக்டர் இங்கயே உக்காரச் சொல்றாங்க."

"போலாங்கறேன்ல."

டாக்டர் என்னைத் தடுக்கவில்லை. மனைவியிடம்தான் பேசினார். "போறதுன்னா வழி முழுக்கக் குடுத்துட்டே போங்க. துவண்டு போனா, குடிக்க மாட்டேன்னா, மலத்துல ரத்தம் வந்தா, ஓசூர் வரைக்கும் பாக்காதீங்க. பக்கத்துல எது இருக்கோ அங்க போயிடுங்க."

கார் கிளம்பியது. ஓசூரில் சரிப்படாவிட்டால் அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர். பெங்களூரிலும் சரிப்படாவிட்டால் என்று யோசித்ததில் மனசு விமானமே ஏறிவிட்டது. என்னிடம் பாஸ்போர்ட் இல்லை என்பது நினைவுக்கு வந்த பிறகுதான் இறங்கியது.

சானமாவுக் காட்டுக்குள் நுழைந்து ஒரு வளைவு திரும்பியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. அது அறுப்புக் காலம். கேழ்வரகு வாசனைக்குக் கர்நாடகக் காட்டிலிருந்து யானைகள் ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடும். லீவு லெட்டர்கூடக் கொடுக்காமல் வருகிற ஒரே கூட்டம். அன்றைக்கு ஒரு கூட்டம் ரோட்டைத் தாண்ட நிற்பதாகச் சொல்லி வனத்துறை ஆட்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள்.

இறங்கி ஓடினேன். "சார், எமர்ஜென்சி! புள்ளைக்கு முடியல! எவ்ளோ நேரம் ஆவும்?"

காக்கிச் சட்டைக்காரர் புதரையே பார்த்துக்கொண்டு சொன்னார். "உள்ள பதிமூணு உருப்படி நிக்குது சார். ஒண்ணு ஒண்ணாத்தான் கேக்கணும். நீங்க கேட்டு வந்து சொல்றீங்களா?" பிறகு என் முகத்தைப் பார்த்தவர் குரலைத் தணித்தார். "உட்டா நீங்களும் ஓசூர் போவ மாட்டீங்க, புள்ளையும் போவாது. வண்டிலயே இருங்க சார். தாண்டுனதும் உங்க வண்டியத்தான் மொதல்ல உடுவேன்."

காரைத் திருப்பலாம் என்றால் பின்னால் அதற்குள் லாரியும் பஸ்ஸுமாக அடைத்துவிட்டது. அசையாமல் உட்கார்ந்து குழந்தைக்கு ஸ்பூனில் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னதைக் கேட்காமல் ஓடி வந்தவனை, அதே காரியத்தைச் செய்ய வைக்கப் பதிமூன்று யானைகள் தேவைப்பட்டன.

"பாக்கெட்டப் பிரிங்க," என்றாள் மனைவி பின்சீட்டிலிருந்து. குழந்தை அவள் மடியில் கிடந்தது. நான் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன். காரில் இருந்தது கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர், அரை லிட்டர் பாட்டிலில். முழுப் பாக்கெட்டையும் அதில் கொட்டப் போனேன்.

என் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னா பண்ற?"

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும். சீக்கிரம் கேக்கும்."

"ஒரு லிட்டர்னு சொன்னாங்க. இது எவ்ளோ? நீ கம்பெனில கூலண்ட் ஆயில இப்டித்தான் கொட்டுவியா?"

கை அப்படியே நின்றுவிட்டது.

விஷயம் தெரியாதவர்களுக்காக: இரும்பை மெஷின் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க, ஆயிலும் தண்ணீரும் கலந்த பால் மாதிரி ஒன்று அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருக்கும். அதுதான் கூலண்ட். அதைக் கலப்பதும் அளப்பதும் என் பொறுப்பு. ஆயில் குறைந்தால் இரும்பு துருப்பிடிக்கும். கூடினால் நுரை கட்டும், கை அரிக்கும். ஆனால் எந்த ஆபரேட்டரும் கேட்க மாட்டான். கூட ஊற்றினால் கூட நல்லது என்று கவிழ்த்துவிட்டுப் போவான். "டேய், இது என்ன ஓட்டல் சாம்பாரா, இன்னொரு கரண்டி ஊத்தறதுக்கு?" என்று நான் கத்தாத ஷிஃப்ட் இல்லை. இந்தப் புலம்பலைத் தினமும் சாப்பாட்டோடு சேர்த்து மனைவிக்கும் பரிமாறியிருக்கிறேன். அவள் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கிறாள். திட்டம் போட்டு வைத்திருந்ததைப் போல, வேண்டிய நேரத்தில் எடுத்து என்மேலேயே ஊற்றினாள்.

உப்பு அதிகமானால் அது குழந்தையின் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்துக்கொண்டு வெளியே போகும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். அந்த நேரத்தில் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அளவு என்றால் அளவு. அது என் தொழில்.

எனக்கு முன்னால் நின்றது தக்காளி ஏற்றிய டெம்போ. டிரைவர் கர்நாடகக்காரர், இந்தப் பக்கத்துத் தமிழும் அந்தப் பக்கத்துக் கன்னடமும் ஒரே வாயில் பேசுகிறவர். நான் காரைச் சுற்றிச் சுற்றி வந்ததை முதலிலிருந்தே பார்த்திருக்கிறார். "ஸ்வல்ப பொறுங்க சார். என் தக்காளிகூடத்தான் வேவுது, நான் அழுவறனா?" என்று சிரித்தவர், ஜன்னல் வழியாகக் குழந்தையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஓடிப்போய் சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். சரியாக ஒரு லிட்டர்.

"மொதல்ல கையக் கழுவு," என்றாள் மனைவி. அரை லிட்டர் தண்ணீர் அதற்குப் போயிற்று. பாக்கெட்டை லிட்டர் பாட்டிலில் போட்டுக் கலக்கினேன். வாழ்க்கையில் எத்தனையோ தடவை கூலண்ட் கலக்கியிருக்கிறேன். இவ்வளவு கவனமாகக் கலக்கியதில்லை. ஒரு துகள் வெளியே விழவில்லை.

அப்புறம் அவசரப்பட்டேன். ஸ்பூனை விட்டுவிட்டு மூடி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். குழந்தை ஒரே மூச்சில் குடித்தாள். அதே மூச்சில் அத்தனையும் என் சட்டை மேல் வாந்தி.

"அவ்ளோதான்! உள்ள நிக்கல! அவ்ளோதான்!" என்று நான் கத்திய கத்தலில் யானைகள் திரும்பிப் பார்த்திருக்கும்.

"கத்தாத. பத்து நிமிஷம் விட்டுத் திரும்பக் குடுக்கச் சொன்னாங்க," என்று முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தாள் மனைவி. அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

அந்தப் பத்து நிமிஷமும் காரைச் சுற்றினேன். "சார், யானைக்குப் பயந்து வண்டிய நிறுத்துனோம். இப்ப உங்களப் பாத்துத்தான் யானை பயப்படுது," என்றார் டெம்போக்காரர்.

பிறகு நான் பின்சீட்டுக்குப் போய் மகளை மடியில் வாங்கிக்கொண்டேன். ஒரு ஸ்பூன். அவள் விழுங்கும்வரை காத்திருப்பேன். இன்னொரு ஸ்பூன். உலகத்தில் இதைவிட மெதுவான வேலை கிடையாது. நான் டாக்டரிடம் கேட்ட டிரிப் இதுதான் என்பது ஏதோ ஒரு ஸ்பூனில் உறைத்தது. சொட்டுச் சொட்டாகத்தான் இதுவும் உள்ளே போகிறது, ஊசிக்குப் பதில் வாய். என் கை மரத்துப்போனது. மனைவி குழந்தையைக் கேட்டாள், கொடுக்கவில்லை. பாட்டிலைச் சாய்த்து ஸ்பூனை நிரப்புவதை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் நிரப்ப, நான் ஊட்ட. எங்கள் கல்யாண வாழ்க்கையில் சண்டையில்லாமல் இரண்டு பேரும் சேர்ந்து இவ்வளவு நேரம் செய்த வேலை வேறு எதுவும் இல்லை.

முன்னால் சலசலப்பு. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். பட்டாசு வெடித்தது. யானைகள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. நூறடி தூரத்தில் பதிமூன்று யானைகள் போயின, நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஸ்பூன் காலியாக இருந்தது. பட்டாசுச் சத்தத்தில் மனைவி ஒரு கணம் தலையைத் திருப்பிவிட்டாள்.

குழந்தை காலி ஸ்பூனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ண்ணி!" என்று கத்தினாள். கேட்டது கொடுக்கப்படாத எஜமானியின் குரல். அழுதாள். கண்ணின் ஓரத்தில் ஒன்று திரண்டு, கன்னத்தில் இறங்கியது.

"கண்ணீர்! கண்ணீர் வருது பாரு!" என்று நான் கையைத் தட்டினேன். பெற்ற பிள்ளை அழுவதைப் பார்த்துக் கை தட்டிய அப்பனை டெம்போக்காரர் வாயைப் பிளந்து பார்த்தார். மனைவி அதுவரை அழவில்லை. அப்போது அழுதாள், அவளுக்கும் தாராளமாக வந்தது.

பாட்டிலில் பாதி குறைந்திருந்தபோது என் தொடையில் சூடாக ஏதோ பரவியது. காலையிலிருந்து வராதது.

"சார், லீக்கு!" என்றார் டெம்போக்காரர்.

"இருக்கட்டும்ப்பா! இருக்கட்டும்!" என்று காரிலிருந்து இறங்கி நின்றேன். ஈரப் பேண்ட்டோடு நடுரோட்டில் மகளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். பெருமையில் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ஸ்கூலில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைகளின் அப்பன்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? என் மகள் ஒன்றுக்குப் போனாள் ஐயா.

காக்கிச் சட்டைக்காரர் சொன்ன சொல் தவறாமல் எங்கள் காருக்கு முதலில் கை காட்டினார். முன்னால் போகச் சொல்லித்தான் காட்டினார். நான் அந்த இடைவெளியில் காரை வந்த வழியே திருப்பினேன். மனைவி "ஓசூர்?" என்று மட்டும் கேட்டாள். கண்ணாடியில் அவள் உதட்டோரத்தில் சிரிப்பு தெரிந்தது.

டாக்டர் கிளம்பத் தயாராக இருந்தார். எங்களைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார். ஏன் போனீர்கள், ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளினார். விட்டதும் சட்டென்று சமமாகிவிட்டது. துத்தநாக மாத்திரை கொடுத்து, வயிற்றுப்போக்கு நின்றாலும் பதினான்கு நாள் நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னார். பால், சோறு எதையும் குறைக்கக் கூடாது என்றார். இன்னும் இரண்டு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். கொடுத்தார். நான் கதவருகே போனபோது முகத்தை மாற்றாமல் கேட்டார்: "டிரிப் வேணுங்களா சார்?"

"வேணாம் மேடம். உங்க குடை நனைஞ்சிடும்."

இப்போது என் டூல் பாக்ஸில் ஸ்பேனருக்குப் பக்கத்தில் நாலு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். எப்போதும் இருக்கும். வடக்கிலிருந்து வந்து ஒரே அறையில் குடும்பத்தோடு இருக்கிற பையன்கள், குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்று பதறி வருவார்கள். என் இந்தி கேவலமானது. ஆனால் பாக்கெட்டைக் காட்டுவேன், ஒரு லிட்டர் பாட்டிலைக் காட்டுவேன், ஸ்பூனைக் காட்டுவேன், குழந்தை துவண்டால் ஓடு என்று ஆஸ்பத்திரிப் பக்கம் கையைக் காட்டுவேன். கேன்டீனில் எனக்குக் கூலண்ட் டாக்டர் என்று பெயர். கிண்டலாகத்தான் வைத்தார்கள். நான் அதைப் பட்டமாகவே வைத்துக்கொண்டேன்.

மகளுக்கு அதற்குப் பிறகும் இரண்டு நாள் வயிற்றால் போயிற்று. போகப் போக நாங்கள் கொடுத்தோம். மூன்றாம் நாள் நின்றது. ஊசி போடவில்லை, டிரிப் ஏற்றவில்லை. தாகமாக இருந்த குழந்தைக்குச் சரியான அளவில் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தோம். அவள் குடித்தாள்.